நின்றது உங்களால், தேய்ந்தது எங்களால்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற 1,200 கிலோ காரை நிறுத்துவது சின்ன வேலை அல்ல. அந்த வேகத்தில் காருக்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கான சூடு அது. அடுப்பில் பல நிமிடம் பிடிக்கும் அந்த வேலையை நாலைந்து விநாடிக்குள் பிரேக் பேடும் டிஸ்க்கும் ஏற்றுக் காற்றில் விட்டுவிடுகின்றன. பெருந்துறைச் சாலையில் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்த அன்று என் கார் நின்றது. பின் சீட்டில் அம்மா இருந்தார். அதற்காக, கார் செய்யும் கம்பெனிக்காரர்களே, உங்களுக்கு நன்றி சொல்லாமல் மேற்கொண்டு எழுத எனக்கு மனம் வராது.

ஆகவே பாராட்டத்தான் எழுதுகிறேன். பிரேக்கைவிட நுட்பமாக நீங்கள் செய்து வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. அது வண்டியில் இல்லை. வாரண்டி புத்தகத்தில் இருக்கிறது. கார் நின்றால் அது உங்கள் பொறியியல். பேட் தேய்ந்தால் அது என் கால். ஒரே சக்கரத்துக்குள் நடக்கும் ஒரே காரியத்தின் புகழை ஒரு பக்கமும் செலவை இன்னொரு பக்கமும் பிசிறில்லாமல் பிரித்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் திறமையை யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

நல்ல பேட் ஒன்று இந்தியச் சாலையில் பொதுவாக 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். என் வண்டியில் அதில் பாதிகூட ஓடாத நிலையில் பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கப் பேட் இரும்புவரை தேய்ந்து, டிஸ்க்கில் கோடு விழுந்துவிட்டது. அதே சக்கரத்தின் வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். வலது பின்சக்கரத்தில் இரண்டும் சமமாக, நல்ல கனத்தோடு இருந்தன. முன்சக்கரங்களின் நான்கு பேடுகளும் அதைவிட நன்றாக இருந்தன. இந்தக் கணக்கெல்லாம் பின்னால் தெரிந்தது. சர்வீஸ் அட்வைசரோ சக்கரத்தைக் கழற்றும் முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டார்: “சார், பிரேக் பேட் வாரண்டில வராதுங்க. அது உங்க டிரைவிங் ஸ்டைலுங்க சார்.” நல்ல பையன். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், குரல் உயரவே இல்லை. அவருக்கு அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவர்களின் பயிற்சி முழுமையானது. கார் எதுவாக இருந்தாலும், சக்கரம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு பதில் பொருந்தும்.

ஆனால் உங்கள் பிரேக்கின் அமைப்பைப் படிக்கப் படிக்க என் காலின் வல்லமைதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் மிதிப்பது ஒரே பெடலை. 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிப்படி, அடைத்து வைத்த திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும். இடது பின்சக்கரத்துக்கு எவ்வளவோ வலது பின்சக்கரத்துக்கும் அவ்வளவு. எவ்வளவு முரட்டுத்தனமாக மிதித்தாலும் தேய்வது இரண்டு பக்கமும் சேர்ந்துதான் தேயும். அதிலும் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களுக்கே. அடிக்கடி பிரேக்கில் கால் வைக்கிற ஆளின் வண்டியில் பொதுவாக முதலில் கரைய வேண்டியது முன் பேட். என் காலோ முன்னிரண்டையும் விட்டுவிட்டு, பின்னால் வலதையும் விட்டுவிட்டு, இடது சக்கரத்தைத் தேடிப் போய், அதிலும் வெளிப்பக்கப் பேடைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் தேய்த்திருக்கிறது. உங்கள் ஆட்கள் சொல்லியிராவிட்டால் இப்படி ஒரு கால் எனக்கு இருப்பது தெரிந்தே இருக்காது.

ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் ஓட்டியிருப்பேன் என்பது அடுத்து வந்த விளக்கம். நான் இழுக்கிற அந்த ஒரே லீவர் இரண்டு பின்சக்கரத்தையும்தான் பிடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்றால் அந்தப் பக்கத்துக் கேபிளிலோ, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரிலோ கோளாறு. வழுக்கும் சாலையில் வண்டி தடுமாறாதபடி ஒரு சக்கரத்தை மட்டும் தானாகப் பிடிக்கிற மின்னணு ஏற்பாடும் இன்றைய கார்களில் இருக்கிறது. அதை மென்பொருளோடு வண்டியில் வைத்ததும் நீங்கள்தான். அதற்கு என் கால் தேவையே இல்லை. எந்த வாசல் வழியாகப் போனாலும் வழி உங்கள் தொழிற்சாலைக்கே வந்து சேர்கிறது. அப்படியும் பில் மட்டும் ஈரோட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறது.

நிஜக் காரணம் என்னவென்று எங்கள் தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் கையால் தடவியே சொன்னார். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அணைக்கும். பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அதைத் தலைமுடியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பின்னில் கிரீஸ் வற்றினாலோ, ரப்பர் உறை சரியாக உட்காராமல் தண்ணீர் புகுந்து துருப் பிடித்தாலோ காலிப்பர் நகராது. அப்போது மொத்தப் பாரமும் உள்பக்கப் பேடின் தலையில் விழும். கால் எடுத்த பிறகும் அது டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். “பின்னு புடிச்சுக்கிச்சுங்க. இதுல ஓட்டறவரு கால் என்னங்க பண்ணும்?” என்றார் அவர். நாற்பது ஆண்டுத் தொழில் அவர் விரலில் இருக்கிறது. உங்கள் வொர்க்‌ஷாப்பின் குளிர்ந்த வரவேற்பறையில் அந்த விரல் இல்லை.

இப்போது உங்கள் வாரண்டி புத்தகத்தைப் பாராட்டும் இடத்துக்கு வருகிறேன். பேட், டிஸ்க், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு எல்லாம் தேயும் பொருள்கள், வாரண்டி கிடையாது. இது நியாயமான வரி. தேய்வதற்காகவே செய்த பொருள் தேய்ந்ததற்கு யாரும் உங்களைக் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை. காலிப்பர் தேயும் பொருள் அல்ல. அது வாரண்டிக்குள் இருக்கிறது. காலிப்பரின் பின் இறுகி, அதனால் பேடும் டிஸ்க்கும் போயின என்றால், மூன்றுமே ஒரே கோளாறின் கணக்கு. இந்த எளிய தர்க்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்ததால்தான் ஜாப் கார்டில் ‘பின் இறுகியிருந்தது’ என்று ஒருபோதும் எழுத மாட்டார்கள். ‘கிளீனிங், கிரீஸிங்’ என்று எழுதுவார்கள். துடைத்துக் கிரீஸ் வைத்ததாக எழுதினால் அது பராமரிப்பு. இறுகியதாக எழுதினால் அது குறைபாடு. ஒரே கைவேலை, இரண்டு பெயர். எந்தப் பெயர் எந்தக் கணக்கில் ஏறும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த மூளைக்கு நான் தலை வணங்குகிறேன். அந்த மூளை அதே அக்கறையோடு பின்னின் ரப்பர் உறையைப் பற்றியும் ஒரு நாள் யோசித்திருந்தால், இந்தப் பாராட்டை எழுத எனக்கு வாய்ப்பே வந்திருக்காது.

பேடில் இருக்கும் சின்ன எஃகு நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கையில் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் எச்சரிக்கை, அருமையான கண்டுபிடிப்பு. என் வண்டியிலும் அது கடமை தவறாமல் கத்தியது. வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். காற்றடித்துத் தூசி எடுத்ததாக எழுதி, கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த முறை போனபோது டிஸ்க் கெட்டிருந்தது. சரியான நேரத்தில் வரவில்லை என்றார்கள். தூசி என்று எழுதிய அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பதிவேடுகள் அவ்வளவு ஒழுங்கானவை. என் நன்றிக்கு உரியவை.

கழற்றிய பழைய உதிரிகளை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தும் சுத்தமும் உங்கள் இடங்களில் உண்டு. பழைய பேட் எண்ணெயும் கரியும் படிந்த அசிங்கமான பொருள். அதை யார் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்? ஆனால் உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு, இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டதும் சர்வீஸ் மேனேஜர் முகத்தில் முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது. இதைப் படிக்கும் கார்க்காரர்கள் எல்லோரும் அந்த மரியாதையைப் பெற வேண்டும் என்று விரும்புகிறேன். பழைய பேடைக் கேளுங்கள். எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டுங்கள். வெர்னியர் காலிப்பரால் அளந்து படம் எடுங்கள். டிஸ்க்கையும் ஓடிய கிலோமீட்டர் தெரியும் மீட்டரையும் சேர்த்து எடுங்கள். பிறகு பேசுங்கள்.

பேசுவது யாரிடம் என்பதில்தான் உங்கள் அமைப்பின் அழகு முழுவதும் தெரியும். டீலரைக் கேட்டால், முடிவு கம்பெனியுடையது. கம்பெனிக்கு எழுதினால், வண்டியைப் பார்த்தவர் டீலர்; அவருடைய அறிக்கைதான் அடிப்படை. டீலர் உங்களிடம் வாங்கி விற்கும் தனி வியாபாரி, உங்கள் முகவர் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் வரை போய் நிறுவியவர்கள் உங்கள் துறையினர். 2011-இன் காருக்குப் பணம் கட்டிய கோவாக்காரர் ஒருவருக்கு 2009-இல் செய்த கார் வந்த டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த காரியத்துக்கு, அது தெரிந்திருந்தது என்று காட்டாதவரை, தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே, 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி சொல்வது கெட்ட உதிரியை மாற்றித் தருவதைத்தான், காரை மாற்றித் தருவதை அல்ல என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உங்கள் பதில் கடிதங்களில் ஆசையோடு மேற்கோள் காட்டுகிறீர்கள். நானும் ஆசையோடுதான் படித்தேன். கெட்ட உதிரியை மாற்றித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறதே, எனக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தத் திறமை இங்கே மட்டும் வளர்ந்தது அல்ல. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான ஹோண்டா அக்கார்டு கார்களிலும், 2009, 2010-இன் ஆக்குரா டிஎஸ்எக்ஸ் கார்களிலும் பின்பக்கப் பேட் காலத்துக்கு முன்பே தேய்கிறது என்று ஊர் ஊராகப் புகார் வந்தது. கவனியுங்கள், அங்கேயும் பின்பக்கம்தான். அத்தனை மாநிலங்களில், ஒருவரையொருவர் பார்த்தே இராத அத்தனை பேருடைய கால்களும் ஒரே மாடல் காரில் ஏறியதும் ஒரே மாதிரி கெட்டுப்போயின போலும். கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காகத் தொடுத்தார்கள். 2010-இல் உடன்பாடு ஆனது. பேட் மாற்றச் செலவழித்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு, உச்சவரம்பு 150 டாலர். வேறு கலவையில் செய்த புதிய பேடும் வந்தது. புதிய பேடை மாட்டியதும் அதே கால்கள் திருந்திவிட்டன என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அங்கே டீலர்களுக்குத் தயாரிப்பாளர் அனுப்பும் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளின் நகலைச் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கும் கொடுத்தாக வேண்டும். யாரும் எடுத்துப் படிக்கலாம். எந்த மாடலில் எந்தப் பின் இறுகுகிறது என்பது கார்க்காரருக்கும் தெரிந்துவிடுகிறது. உங்கள் சுற்றறிக்கைகளை நான் கேட்டுப் பார்த்தேன். அவை உள் விவகாரம் என்று மிகுந்த பணிவோடு சொன்னார்கள்.

வெளி மெக்கானிக்கிடம் காட்டியதால் வாரண்டி போய்விடும் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. இதிலும் உங்கள் துறைக்கு ஓர் அங்கீகாரம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களிடமே அடைத்து வைத்தார்கள், வெளியே பழுது பார்த்தால் வாரண்டி போகும் என்று கட்டுப்படுத்தினார்கள் என்பது அதில் சொல்லப்பட்ட குற்றம். மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அத்தனை பெரிய அபராதம் விழும் அளவுக்கு ஒரு பழக்கம் வேரூன்ற வேண்டுமானால் எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும்!

சட்டத்தையும் நீங்கள் எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளரின் பொறுப்புக்கென ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வடிவமைப்புக் குறைக்கும் தயாரிப்புக் குறைக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்; கவனமாகத்தான் செய்தேன் என்று நிரூபித்தாலும், கொடுத்த உத்தரவாதத்தை மீறியிருந்தால் தப்ப முடியாது. ஆனால் அந்த அத்தியாயம் பேசும் ‘தீங்கு’ என்பதில் பொருளுக்கே ஏற்படும் கேடு சேராது. என் பிரேக் தேய்ந்ததற்கு அதில் இடமில்லை. அந்தப் பிரேக் பிடிக்காமல் போய் அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இடமுண்டு. உங்கள் வழக்குரைஞர் இந்த நுட்பத்தைப் பதிலில் எடுத்துக் காட்டியிருந்தார். படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படிப் பாராட்டுவதில் எனக்கு முன்னோடி ஔவை. அதியமானின் தூதாகப் போன அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிக் காவலுக்குள் வைத்த கருவிகளை அவர் மனமாரப் பாராட்டினார். எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். உங்கள் ஷோரூமில் மாலையோடு நிற்கும் வண்டிகளுக்கும் ஒரு குறையும் இல்லை. அவற்றின் பேடுகள் நான் பார்த்தவரை முழுக் கனத்தில் இருக்கின்றன. ஓட்டப்பட்டவைதான் பட்டறையில் கிடக்கின்றன.

தீங்கு என்கிற வாசல் அடைபட்டால் குறைபாடு என்கிற வாசல் திறந்தே இருக்கிறது. தரத்தில் உள்ள எந்தக் குறையும் அதே நுகர்வோர் சட்டத்தின்படி குறைபாடுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறையை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் புகார் செய்பவரே கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. கட்டுகிறேன். கழற்றிய பின்பக்கப் பேட் நான்கும் துணியில் சுற்றி, பெயர் ஒட்டி, அளவுகளோடு தயாராக இருக்கின்றன. தூசி என்று எழுதிய ஜாப் கார்டும், டிரைவிங் ஸ்டைல் என்று எழுதிய பதில் கடிதமும் உடன் இருக்கின்றன. வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருவதால் மனு ஈரோட்டில் தாக்கல் ஆகிறது. ஆய்வு தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். உங்கள் பொறியாளர் ஒருவர் வந்து, ஒரு பெடலை மிதிக்கும் ஒரு கால், நான்கு சக்கரத்தின் எட்டுப் பேடுகளில் ஒன்றை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்துத் தேய்க்கும் என்பதை ஆணையத்தின் முன் விளக்க வேண்டும் என்று மனுவில் கேட்டிருக்கிறேன்.